மழைக்காட்டுல கேமராவும் மைக்கும்: சேதி எப்ப வருது, யார் கைக்கு வருது?

ஜாவா தீவோட மேற்கு நுனியில உஜுங் குலோன்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு. ஜாவா காண்டாமிருகம் உலகத்துலயே இப்ப மிச்சம் இருக்கறது அந்த ஒரு காட்டுல மட்டும்தான், மொத்தம் நூறு கூட தேறாது. அதனால ஒவ்வொன்னையும் கேமரா ட்ராப்ல, அதாவது மிருகம் முன்னாடி வந்தா தானா படம் எடுக்கற கேமராவுல, படம் புடிச்சு, தோல் மடிப்பு, கொம்பு, காதுல இருக்கற வெட்டு இதெல்லாம் பாத்து தனித்தனியா அடையாளம் வெச்சு பதிவேடு மாதிரி வெச்சிருந்தாங்க. அப்படி பாத்துக்கிட்டு இருந்த காட்டுலதான், 2019-ல இருந்து 2023 வரைக்கும் வேட்டைக் கும்பலுங்க 26 காண்டாமிருகத்தை கொன்னுருக்காங்கன்னு 2024-ல இந்தோனேசிய போலீஸ் சொன்னாங்க. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசே ஆறல. சில மிருகங்க படத்துல வர்றது நின்னு போயிருந்துச்சு, துப்பாக்கியோட ஆளுங்க நடந்து போறது கூட கேமராவுல விழுந்திருந்துச்சு. கேமரா அதோட வேலைய செஞ்சுருச்சு, ஆனா மிருகம் செத்துப்போச்சு.

இந்த டெக்னாலஜி விஷயத்தை அங்க இருந்துதான் புரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கறேன். ட்ரோன், ஏஐ, சாட்டிலைட்னு புதுசா ஏதாவது வந்தா உடனே காடு காப்பாத்தப்பட்டுருச்சுங்கற மாதிரி செய்தி வருது. நான் எந்த கருவிய பத்தி படிச்சாலும் ரெண்டே கேள்விதான் கேக்கறேன். காட்டுக்குள்ள நடந்தது வெளிய தெரிய எத்தனை நாள் ஆகுது? தெரிஞ்சா அது யார் கைக்கு போகுது? இந்த ரெண்டையும் வெச்சு பாத்தா, கருவி எவ்ளோ நவீனம்ங்கறது அவ்ளோ முக்கியமா படாது, சில இடத்துல சாதா பென் ட்ரைவ் கூட பெரிய வேலை பாத்திருக்கு, அதை பின்னாடி சொல்றேன்.

முதல்ல மழைக்காடுன்னா ஏன் இவ்ளோ கஷ்டம்னு பாக்கணும். புல்வெளின்னா மேல பறந்து எண்ணிடலாம். மழைக்காட்டுல மேல இலைக்கூரை மூடிருக்கும், வெளிச்சத்துல நூத்துக்கு ஒன்னு ரெண்டு பங்குதான் தரைக்கு வரும், அப்ப சோலார் பேனல கீழ வெச்சு பிரயோஜனம் இல்ல, ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும், போன் டவர் இருக்காது, ரோடு இருக்காது, நாலு நாள் நடந்து போய் வெச்ச பெட்டிக்குள்ள ஈரம் ஏறி லென்ஸ்ல பூஞ்சை புடிச்சுரும், இல்லனா எறும்பு உள்ள கூடு கட்டிரும், கரையான் ரப்பர திங்கும், யானை வந்தா புடுங்கி மிதிச்சுட்டு போயிரும். பெட்டிக்குள்ள போடற சிலிகா ஜெல் பாக்கெட்ட மாத்தறது கூட அங்க ஒரு பெரிய வேலை. வேட்டைக்காரங்க பிரச்சனை எல்லாம் இதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

கேமரா ட்ராப் ரொம்ப பழைய யோசனை. பனாமாவுல பாரோ கொலராடோ தீவுக் காட்டுல ஃப்ராங்க் சாப்மேன்ங்கற பறவை ஆராய்ச்சியாளர் 1920-கள்லயே பாதை குறுக்க கயிறு கட்டி, மிருகம் காலை வெச்சா ஃப்ளாஷ் பவுடர் வெடிச்சு படம் விழற மாதிரி பண்ணி பூமாவை எல்லாம் படம் எடுத்திருக்காரு. இப்ப கயிறுக்கு பதிலா ஒரு சென்சார். சுத்தி இருக்கற சூட்டுல இருந்து வித்தியாசமான ஒரு சூடு முன்னாடி அசைஞ்சா அது கேமராவை எழுப்பும். இங்கயும் மழைக்காட்டுல ஒரு சிக்கல் இருக்கு, மத்தியான நேரத்துல காத்தோட சூடும் மிருகத்தோட உடம்பு சூடும் கிட்டத்தட்ட ஒன்னா ஆயிட்டா சென்சாருக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. பாம்பு, தவளை மாதிரி சுத்தியிருக்கற சூட்டோடயே இருக்கற உயிருங்க பெரும்பாலும் தப்பிச்சுரும். இன்னொரு பக்கம் வெயில் பட்ட இலை காத்துல ஆடினாலே படம் எடுத்துத் தள்ளும். ஆறு மாசம் கழிச்சு கார்டை எடுத்தா பல்லாயிரக்கணக்கான படம், அதுல பெரும்பகுதி வெறும் இலை.

ஏஐ உண்மையிலயே கை கொடுக்கற இடம் இதுதான்னு சொல்லுவேன். மெகாடிடெக்டர்னு ஒரு மாடல் இருக்கு, அது என்ன மிருகம்னு எல்லாம் சொல்லாது, படத்துல மிருகம் இருக்கா, மனுஷன் இருக்கா, வண்டி இருக்கா, ஒன்னுமே இல்லையா, அவ்ளோதான் பிரிச்சு குடுக்கும். கேக்க சின்ன விஷயம், ஆனா ஆராய்ச்சி பண்ற பசங்க மாசக்கணக்குல கண்ணு வலிக்க உக்காந்து பாத்த வேலை நாள் கணக்குல முடியுது. வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் மாதிரி பொது தளங்கள்ல படத்தை ஏத்தினா இனத்தோட பேரையும் ஊகிச்சு சொல்லும். ஆனா அபூர்வமான மிருகத்துலதான் ஏஐ தடுமாறும், ஏன்னா அதுக்கு கத்துக்குடுக்கவே படம் கிடையாது. நமக்கு ரொம்ப வேண்டிய உயிரத்தான் அதுக்கு சரியா தெரியாது, அதனால கடைசியில ஒரு ஆள் உக்காந்து பாத்துதான் ஆகணும்.

வியட்நாம் சருகுமான் கதை இங்க சொல்லணும். வெள்ளி முதுகு சருகுமான்னு ஒன்னு, முயல விட கொஞ்சம் பெருசு, 1990-க்கு அப்புறம் அது இருக்கறதுக்கு அறிவியல் ரீதியா ஒரு சாட்சியும் இல்ல. ஆராய்ச்சி குழு நேரா போய் கண்ட இடத்துல கேமரா வெக்கல, முதல்ல நா ட்ராங் பக்கத்துல இருக்கற ஊர்க்காரங்ககிட்டயும் அங்க இருந்த வனத்துறை ஆளுங்ககிட்டயும் உக்காந்து பேசினாங்க. சாம்பல் முதுகோட ஒரு சருகுமான் இங்க இருக்குன்னு அவங்க சொன்னாங்க. அவங்க கை காட்டின இடத்துல மூணே மூணு கேமரா வெச்சாங்க, அஞ்சு மாசத்துல 275 படம் விழுந்துச்சு. 2019-ல அந்த கண்டுபிடிப்பு வெளியானப்ப உலகம் பூரா செய்தி. அது கொஞ்சம் வறண்ட கடலோரக் காடு, அடர்ந்த ஈரக்காடு இல்ல, ஆனா பாடம் எந்தக் காட்டுக்கும் பொருந்தும்: கேமராவை எங்க வெக்கணும்ங்கற அறிவு ஊர்க்காரங்ககிட்டதான் இருந்துச்சு, விஞ்ஞானத்துக்கு 'தொலைஞ்சு போன' மிருகம் அவங்களுக்கு தொலையவே இல்ல.

இப்ப சத்தத்துக்கு வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இது. மழைக்காட்டுல கண்ணு இருபதடிக்கு மேல போகாது, ஆனா காது போகும். 1984-ல கேட்டி பெய்ன்ங்கற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலையில யானைங்க பக்கத்துல நின்னப்ப, சத்தமே கேக்காம காத்துல ஒரு துடிப்பு மட்டும் உடம்புல படறத உணர்ந்தாங்க, சின்ன வயசுல சர்ச்சுல பெரிய ஆர்கன் குழாய் பக்கத்துல நின்னப்ப நெஞ்சுல அடிச்ச அதே அதிர்வு ஞாபகம் வந்துச்சாம். யானைங்க மனுஷன் காதுக்கு எட்டாத கீழ் சுருதியில பேசிக்குதுன்னு அதுல இருந்துதான் தெரிய வந்துச்சு. பின்னாடி அவங்க கார்னெல் பல்கலைக்கழகத்துல யானைகளை ஒட்டுக்கேக்கற ஒரு திட்டத்தை ஆரம்பிச்சாங்க. ஆப்பிரிக்க காட்டு யானைங்க வெட்டவெளிக்கு எப்பவாவதுதான் வரும், மேல இருந்து எண்ண முடியாது, சாணத்தை எண்ணித்தான் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க, அப்படிப்பட்ட யானைக்கு இது பெரிய வழி. 2021-ல அந்த யானைய தனி இனமா பிரிச்சு, அழிவோட விளிம்புல இருக்குன்னு ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவிச்சாங்க, 31 வருஷத்துல 86 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு.

காங்கோ குடியரசுல நுவாபாலே-என்டோக்கி தேசியப் பூங்காவுலயும் அதை ஒட்டியும் 1,250 சதுர கிலோமீட்டர கட்டம் கட்டமா பிரிச்சு, 25 சதுர கிலோமீட்டருக்கு ஒன்னுன்னு 50 ரெக்கார்டர மரத்து மேல கட்டி வெச்சாங்க. ராத்திரி பகல் நிக்காம பதிவு ஆகும். சில மாசத்துக்கு ஒரு தடவை ஒரு குழு சதுப்புல இறங்கி நடந்து போய் கார்டும் பேட்டரியும் மாத்திட்டு வரும், அப்புறம் கம்ப்யூட்டர் அந்த மலை மாதிரி பதிவுல இருந்து யானையோட உறுமலையும் துப்பாக்கி வெடியையும் பொறுக்கி எடுக்கும். வெடிச்ச துப்பாக்கிய மூணு மாசம் கழிச்சு கேட்டு என்ன பண்றதுன்னு கேக்கத் தோணும், நியாயமான கேள்விதான். அந்த ஒரு வேட்டைய தடுக்க முடியாது. ஆனா எந்த கட்டத்துல, எந்த மாசத்துல, எந்த நேரத்துல வெடிச் சத்தம் கூடுதுன்னு தெரிஞ்சா அடுத்த ரோந்த எங்க அனுப்பணும்னு தெரியும்.

இன்னொரு பயன் இருக்கு, இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. ரோந்து போறவங்க கண்டுபுடிச்ச தோட்டா உறை, புடிச்ச ஆளுங்க இத வெச்சுத்தான் வேட்டை கூடுச்சா குறைஞ்சுச்சான்னு வழக்கமா சொல்லுவாங்க. அது ரோந்து போன இடத்தோட கணக்கு, அவங்க போகாத இடத்துல என்ன நடந்துச்சுன்னு அதுல வராது. கேமரூன்ல கோரூப் தேசியப் பூங்காவுல மைக் வெச்சு கேட்டப்ப, ரோந்து கூட்டின பிறகும் துப்பாக்கி சத்தம் குறையலன்னு தெரிஞ்சுச்சு. ரோந்து போனவங்க பாவம் உண்மையாத்தான் உழைச்சிருப்பாங்க, வேட்டைக்காரன் ஒரு ஓடை தள்ளி போயிருப்பான். மைக் யாருக்கும் சாதகமா சொல்லாது, அதுதான் அதோட பலம்.

உடனுக்குடன் சேதி வேணும்னா? அதுக்கும் வழி இருக்கு. டாஃபர் வைட்ங்கறவர் போர்னியோவுல கிப்பன் குரங்கு காப்பகத்துக்கு போனப்ப, காவலர் முகாம்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே மரம் அறுத்துக்கிட்டு இருந்திருக்காங்க, பூச்சி சத்தம் கிப்பன் சத்தத்துல அந்த மெஷின் சத்தம் யாருக்கும் கேக்கல. ஆச்சரியம் என்னன்னா அந்த இடத்துல போன் சிக்னல் கிடைச்சுச்சு. அதனால யாரோ தூக்கிப்போட்ட பழைய ஸ்மார்ட்போன பெட்டிக்குள்ள வெச்சு, இலை இடுக்குல விழற துண்டு துண்டு வெயில புடிக்கற மாதிரி பூவிதழ் கணக்கா சோலார் பட்டைய சுத்தி வெச்சு, மர உச்சியில கட்டினாரு. ரெயின்ஃபாரெஸ்ட் கனெக்ஷன்ங்கற அமைப்பு அப்படித்தான் பொறந்துச்சு. சுமத்ராவுல முதல் சோதனையில வெச்ச ஒன்னு ரெண்டு நாள்லயே மெஷின் சத்தம் புடிபட்டு ஆளுங்க நேர்ல போய் மரம் வெட்டறவங்கள நிறுத்தினாங்க. பிரேசில்ல டெம்பே பழங்குடி மக்களும் இதை பயன்படுத்தினாங்க. சிக்னல் எட்டற ஓரக்காட்டுக்கு இது சரி, நடுக்காட்டுக்கு சாட்டிலைட் வழியாத்தான் அனுப்பணும், செலவும் பேட்டரியும் ஏறும். தப்பான அலர்ட்டும் ஒரு பெரிய சோதனை. காஞ்ச கிளை முறியற சத்தத்தை துப்பாக்கின்னு மெஷின் சொல்லி, அஞ்சாறு தடவை வெறுங்கையோட மலை ஏறி எறங்கின காவலர் ஏழாவது தடவை போக யோசிப்பாரு, அவரை குத்தம் சொல்ல முடியாது.

சாட்டிலைட்ட பத்தி ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க, அதனால முக்கியமானத மட்டும். மழைக்காடுன்னா மேகம், சாதா சாட்டிலைட் படத்துல வாரக்கணக்குல வெள்ளையாத்தான் தெரியும். ஐரோப்பாவோட சென்டினல்-1 சாட்டிலைட்ல இருக்கற ரேடார் மேகத்தை ஊடுருவி பாக்கும், அதை வெச்சு வாகனிங்கன் பல்கலைக்கழகம் உருவாக்கின அலர்ட் 10 மீட்டர் கட்டம் கட்டமா பாத்து சின்ன வெட்டையும் காட்டும். ஆனா படம் மட்டும் காட்டை காப்பாத்தாதுங்கறதுக்கு பிரேசில விட தெளிவான சாட்சி கிடையாது. 2004-ல ஒரே வருஷத்துல அமேசான்ல 27,772 சதுர கிலோமீட்டர் காடு போச்சு. அதே வருஷம் டெடெர்ங்கற உடனடி சாட்டிலைட் கண்காணிப்ப ஆரம்பிச்சாங்க, அலர்ட் வந்த இடத்துக்கு அமலாக்க ஆளுங்க போனாங்க, அபராதம் போட்டாங்க, புது காப்பகங்கள் வந்துச்சு, 2012-ல அது 4,571-க்கு எறங்குச்சு. அப்புறம் 2019-ல அரசாங்கம் எண்ணிக்கைய நம்ப மாட்டேன்னு சொல்லி, விண்வெளி ஆய்வு நிறுவனத்தோட தலைவர் ரிக்கார்டோ கால்வாவோவ பதவியில இருந்து நீக்கிருச்சு. சாட்டிலைட் அப்பவும் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு, அலர்ட் அப்பவும் வந்துச்சு. 2021-ல 13,000 சதுர கிலோமீட்டர தாண்டிருச்சு. ஆட்சி மாறி ஆளுங்கள திரும்ப களத்துல எறக்கின பிறகு 2024-ல 7,000-க்கு கீழ வந்துச்சு. இந்த ஏத்த இறக்கம் முழுக்க சேதிய கையில வாங்கினவங்க என்ன பண்ணாங்கங்கறதுல வந்தது.

இப்ப பென் ட்ரைவ். பெருவுல அமேசான் பக்கம் லொரேட்டோ பகுதியில 70-க்கும் மேற்பட்ட பழங்குடி கிராமங்கள்ல ஒரு பரிசோதனை பண்ணாங்க, 2021-ல முடிவு வந்துச்சு. நெட் இல்லாத ஊருங்க. அதனால சாட்டிலைட் அலர்ட்ட பென் ட்ரைவ்ல போட்டு மாசம் ஒரு தடவை படகுல ஒருத்தர் ஆத்து வழியா கொண்டு போய் குடுப்பாரு. ஊர்லயே தேர்ந்தெடுத்த ஆளுங்களுக்கு பயிற்சியும் சம்பளமும் குடுத்தாங்க, அவங்க போன்ல அந்த புள்ளிய பாத்து நடந்து போய் பாப்பாங்க, என்ன நடந்திருக்குன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லுவாங்க, என்ன பண்றதுன்னு ஊரே முடிவு பண்ணும். முதல் வருஷத்துல அப்படி பண்ணாத ஊருங்கள விட 52 சதவீதம் கம்மியா காடு அழிஞ்சுச்சு, ரெண்டாவது வருஷம் 21 சதவீதம். மாசம் ஒரு தடவை வர்ற பழைய சேதிதான், ஆனா அந்தக் காட்டுலயே வாழறவங்க கைக்கு போச்சு. ரெண்டாவது வருஷம் பலன் குறைஞ்சதையும் மறைக்காம சொல்லணும், ஆனாலும் இந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை குடுத்த ஆய்வு வேற இல்ல.

ஈக்வடார்ல சினாங்கோயி ஊர் கோஃபான் மக்கள் இன்னும் ஒரு படி மேல போனாங்க. அவங்களே காவல் குழு அமைச்சு, கேமரா ட்ராப்பும் ட்ரோனும் ஜிபிஎஸ்ஸும் வெச்சு, அவங்க ஆத்துல தங்கம் தோண்ட மெஷின் எறங்கினத படமா புடிச்சாங்க. அவங்ககிட்ட கேக்காமலே அரசாங்கம் சுரங்க அனுமதி குடுத்திருக்குன்னு கோர்ட்டுக்கு போனாங்க. 2018-ல 52 சுரங்க அனுமதிய கோர்ட் ரத்து பண்ணுச்சு. மிருகத்துக்குன்னு உண்டாக்கின கேமரா அங்க கோர்ட்ல சாட்சி சொல்லுச்சு.

ஆனா அதே கேமரா வேற கைக்கு போனா என்ன ஆகும்னும் பாக்கணும். மிருகத்துக்கு வெச்ச கேமரால விறகு பொறுக்க வந்த பொண்ணுங்களும் விழுவாங்க. மழைக்காடு இல்லன்னாலும் கார்பெட் புலிகள் காப்பகத்துல நடந்த ஒரு ஆய்வு 2024-ல வெளியாச்சு, கேமராவுக்கு பயந்து பொண்ணுங்க பாடறத நிறுத்திட்டாங்கன்னும், ஒரு பொண்ணோட படத்தை ஊர் வாட்ஸ்அப் குரூப்ல பரப்பினாங்கன்னும் அதுல இருந்துச்சு. அவங்க பாடினதே மிருகம் விலகி போகட்டும்னுதான். இது சின்ன விஷயம் இல்ல, அந்தக் காட்டை நம்பி வாழறவங்கள குத்தவாளி மாதிரி பாத்தா நாளைக்கு சருகுமான் எங்க இருக்குன்னு யார் சொல்லுவாங்க? இன்னொரு ஆபத்து, இடத்தை துல்லியமா வெளியிடறது. அபூர்வமான பல்லி ஆமை இதெல்லாம் எங்க கிடைக்கும்னு ஆய்வுக் கட்டுரையில போட்டா அதைப் படிச்சுட்டு வேட்டைக்காரனும் வருவான், சீனாவுல ஒரு குகைப்பல்லிக்கு அப்படியே நடந்துச்சு. அதனால இப்ப பல தளங்கள்ல அபூர்வ இனங்களோட இடத்தை மங்கலா காட்டறாங்க, அதுதான் சரி.

கேமராவும் இல்ல மைக்கும் இல்லன்னா அட்டைய கேக்கலாம். காட்டு அட்டை ஒரு மிருகத்தோட ரத்தத்தை குடிச்சா அந்த மிருகத்தோட டிஎன்ஏ மாசக்கணக்குல அதோட வயித்துல இருக்கும். 2012-ல வியட்நாம்ல 25 அட்டைய சோதிச்சு பாத்தாங்க, 21-ல பாலூட்டிகளோட டிஎன்ஏ இருந்துச்சு, அதுல அந்தப் பகுதியோட அபூர்வமான வரி முயலும் ஒன்னு. கேமரா வெச்சு ரொம்ப நாள் தேடியும் அந்த முயல் அந்த இடத்துல சிக்கல. காட்டுல நடக்கறவங்க காலை தேடி தானா வர்ற ஒரு சின்ன உயிர் இப்படி சாட்சி சொல்லும்னு யார் நினைச்சா. 2024-ல அமேசான்ல நடந்த எக்ஸ்ப்ரைஸ்ங்கற பரிசுப் போட்டியில 100 ஹெக்டேர் காட்டை 24 மணி நேரத்துல கருவிய வெச்சே ஆராயணும்னாங்க, ஜெயிச்ச குழு ட்ரோன்ல கேமரா, மைக், பூச்சிய இழுக்கற விளக்கு எல்லாம் கட்டி மர உச்சியில கொண்டு போய் வெச்சாங்க. இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்க இதெல்லாம் அருமையான வேலை. இருக்கறத சாகாம பாத்துக்கறது வேற வேலை.

ஏன்னா தென்கிழக்கு ஆசியாவுல மிருகத்தை கொல்றது பெரும்பாலும் துப்பாக்கி கூட இல்ல, சுருக்குக் கம்பி. பைக் கேபிள்ல செய்யறது, சத்தம் வராது, மைக் புடிக்காது, சாட்டிலைட்டுக்கு தெரியாது, காடு பச்சையா நிக்கும், உள்ள மிருகம் இருக்காது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா காப்பகங்கள்ல மட்டும் 1 கோடியே 23 லட்சம் கண்ணி இருக்கலாம்னு 2020-ல டபிள்யூடபிள்யூஎஃப்ங்கற வனவிலங்கு பாதுகாப்பு அமைப்பு கணக்கு போட்டாங்க. அத எடுக்க ஆளு குனிஞ்சு ஒவ்வொன்னா கழட்டணும், வேற வழியே இல்ல. முன்னாடி எங்கெங்க கிடைச்சுச்சுன்னு ரோந்து ஆளுங்க போன்ல ஸ்மார்ட்ங்கற மென்பொருள்ல பதிஞ்சு வெச்சா அடுத்து எங்க இருக்கும்னு ஊகிக்கலாம், அந்த அளவுக்கு உதவும். மத்திய வியட்நாம்ல ஹுவே, குவாங் நாம் சாவோலா காப்பகங்கள்ல பத்து வருஷத்துல ஒரு லட்சத்துக்கும் மேல கழட்டி எறிஞ்சிருக்காங்க. கண்ணி கொஞ்சம் குறைஞ்சுச்சு, ஆனா இன்னும் போட்டுக்கிட்டேதான் இருக்காங்க, போடறவனுக்கு ஒரு கேபிள் துண்டு போதும்.

அந்த காப்பகங்கள் சாவோலாவோட பேர்ல இருக்கறது, நீளமா ரெண்டு கொம்பு வெச்ச, மாட்டுக்கு சொந்தமான ஒரு காட்டு மிருகம், அறிவியலுக்கு 1992-லதான் தெரிய வந்துச்சு. 2013 செப்டம்பர்ல மத்திய வியட்நாம்ல ஒரு கேமரா ட்ராப் முன்னாடி அது ஒரு தடவை நடந்து போச்சு. அந்த சேதி உலகத்துக்கு நவம்பர்ல தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் அது எந்த கேமராவுலயும் விழல.